விஆர் வாங்கும் முன்: நிஜம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

விஆர் (வர்ச்சுவல் ரியாலிட்டி, ஹெட்செட்டுக்குள் கணினி காட்டும் மெய்நிகர் உலகம்) விற்க வருபவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே வித்தையைத்தான் முதலில் காட்டுகிறார்கள். ஹெட்செட்டை மாட்டிவிட்டு, எண்பதாவது மாடி விளிம்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பலகையில் நடக்கச் சொல்வார்கள். நிற்பது கான்ஃபரன்ஸ் ரூம் தரையில் என்று தெரிந்தும் முழங்கால் நடுங்கும். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள், ஒருவர் செல்போனில் வீடியோ எடுப்பார், எம்.டி. அங்கேயே "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுவிடுவார். மனநல கிளினிக் நடத்துபவரானாலும் சரி, ஆலையில் பயிற்சிப் பிரிவைக் கவனிப்பவரானாலும் சரி, பாதி முடிவு அந்த நடுக்கத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது.

கண்ணும் காதும் சொல்வதை மூளை நம்பிவிடும் என்பதற்கு அந்த நடுக்கம் சாட்சி, அவ்வளவுதான். பயம் குறையுமா, வேலை கையில் படியுமா என்பதற்கெல்லாம் அதில் பதில் இல்லை. "விஆர் நல்லதா?" என்று கேட்டால் யாரும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது. எதற்குப் பதிலாக விஆர் என்று கேட்க வேண்டும். பயத்துக்கு என்றால் போட்டி மூன்று பேருக்குள்: நிஜமான இடத்துக்கே போவது, கண்ணை மூடிக் கற்பனை செய்வது, ஹெட்செட். பயிற்சிக்கு என்றால் வகுப்பும் வீடியோவும், நிஜ எந்திரம் அல்லது அதன் மாதிரி, 360 டிகிரி வீடியோ, முழு விஆர் என்று வரிசை கொஞ்சம் நீளும். இரண்டுக்கும் நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான். நிஜம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அதைத் தொட என்ன விலை?

முதலில் சிகிச்சை. பயத்துக்கு விஆர் என்பது நேற்று முளைத்த யோசனை இல்லை. 1995-லேயே அமெரிக்காவில் பார்பரா ராத்பாம், லாரி ஹாட்ஜஸ் குழுவினர் உயரத்தைக் கண்டு பயப்படும் மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். உள்ளே இருக்கும் மருந்து அதைவிடப் பழையது. பயப்படும் பொருளின் பக்கத்தில் சிறிது சிறிதாகப் போய், பயம் ஏறி இறங்கும்வரை அங்கேயே நிற்பது; தப்பி ஓடாமல் நின்றும் ஒன்றும் ஆகவில்லை என்று உடம்பு தானாகக் கற்றுக்கொள்வது. இதற்கு எக்ஸ்போஷர் சிகிச்சை என்று பெயர். விஆர் அந்த மருந்தைக் கொடுக்கும் வழிகளில் ஒன்று.

நேருக்கு நேர் ஒப்பிட்டதில் எனக்கு மிகவும் பிடித்தது 2002-ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்தது. பால் எமெல்காம்ப் என்ற உளவியலாளரின் குழு மூன்று நிஜ இடங்களைத் தேர்ந்தெடுத்தது: மாக்னா பிளாசா என்ற நான்கு மாடி ஷாப்பிங் மால், நகர மையத்தில் சுமார் 50 அடி உயரத்துக்குப் போகும் ஒரு அவசரகாலப் படிக்கட்டு, சுமார் 65 அடி உயரத்தில் ஒரு மாடித் தோட்டம். பிறகு அதே மூன்று இடங்களையும் கம்ப்யூட்டரில் வரைந்தார்கள். உயரப் பயம் உள்ள 33 பேரைப் பிரித்து, ஒரு பாதியை நிஜமான படிக்கட்டிலும் மறு பாதியை வரைந்த படிக்கட்டிலும் ஏற்றினார்கள். வாரம் ஒரு மணி நேரம் வீதம் மூன்று அமர்வுகள். பலன் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தது, ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் மாறவில்லை. அந்தக் காலத்து கிராஃபிக்ஸ் இன்றைய செல்போன் கேமுக்குப் பக்கத்தில்கூட வராது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படம் எவ்வளவு தத்ரூபம் என்று விற்பனையாளர் பேச ஆரம்பித்தால் இந்தப் படிக்கட்டை நினைத்துக்கொள்ளலாம்.

பலன் சமம் என்றால் வேறு கணக்குகள் முன்னால் வருகின்றன. மாலுக்குள் நடக்கக் காசு கிடையாது. விமானத்துக்கு அப்படி இல்லை. 2000-ல் ராத்பாம் குழு விமானப் பயத்துக்கு நடத்திய ஆய்வில் ஒரு பிரிவினரை நிஜ விமான நிலையத்துக்கு அழைத்துப்போய் நின்றுகொண்டிருக்கும் விமானத்தில் உட்காரவைத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு விஆர். பலனில் வித்தியாசம் இல்லை. ஆறு மாதத்துக்குள் சிகிச்சை பெற்றவர்களில் 93 சதவீதம் பேர் விமானம் ஏறியிருந்தார்கள். நம் ஊரில் டிக்கெட் இல்லாமல் டெர்மினலுக்குள் நுழைவதே பெரிய பாடு. நின்றுகொண்டிருக்கும் விமானத்தில் நோயாளியோடு போய் உட்காருவதற்கு எந்த உளவியலாளருக்கு அனுமதி கிடைக்கும்? இங்கே விஆர் தெளிவாக ஜெயிக்கிறது. வேண்டிய தடவை டேக்-ஆஃப் செய்யலாம், நடுவானில் குலுங்கலைக் கூட்டலாம், வேண்டாமென்றால் நிறுத்தலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு, பலர் இதை மறந்துவிடுகிறார்கள்: நோயாளி சம்மதிக்க வேண்டும். ஸ்பெயினில் அசுசேனா கார்சியா-பலாசியோஸ் குழு குறிப்பிட்ட பொருள்மேல் பயம் உள்ள 150 பேரிடம் இரண்டு முறைகளையும் விளக்கிவிட்டு எது வேண்டும் என்று கேட்டது. நிஜப் பொருளோடு என்றதும் 27 சதவீதம் பேர் மாட்டேன் என்றார்கள். விஆருக்கு மாட்டேன் என்றவர்கள் 3 சதவீதம். எவ்வளவு நல்ல சிகிச்சையானாலும் வாசலிலேயே திரும்பிப் போகிறவருக்கு அதனால் என்ன பயன்? ஆகவே நாய்ப் பயம், சிலந்திப் பயம் போல நிஜம் எளிதாகக் கிடைக்கிற இடத்திலும், முதல் படியாக விஆர் வைத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. முதல் படியாக மட்டும். தெருவில் நாய் இருக்கிறது, அலுவலகத்தில் லிஃப்ட் இருக்கிறது. மூன்றாவது நான்காவது அமர்விலும் ஹெட்செட்டையே மாட்டிக்கொண்டிருந்தால் அது தள்ளிப்போடுகிற வேலையாகிவிடும்.

போர்க்களத்து அதிர்ச்சியில் கதை வேறு. ஸ்கிப் ரிஸ்ஸோ என்பவர் தலைமையில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஈராக், ஆப்கானிஸ்தான் களங்களையே விஆரில் கட்டினார்கள். ராணுவ வண்டி, வெடிச் சத்தம், அதிரும் மேடை, கருகிய வாடையைக் கிளப்ப ஒரு தனிக் கருவி. இத்தனை ஏற்பாடு இருந்தால் நிச்சயம் கூடுதல் பலன் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2016-ல் வெளியான ஆய்வில், பணியில் இருந்த 162 அமெரிக்க வீரர்களை விஆர் பிரிவு, நினைவிலிருந்து சொல்லும் பிரிவு, காத்திருக்கும் பிரிவு என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களைவிட மற்ற இரு பிரிவினருக்கும் பலன் இருந்தது. ஆனால் மூன்றாவது, ஆறாவது மாதங்களில் அளந்தபோது, சிகிச்சையாளர் முன்னால் கண்ணை மூடி நடந்ததை வாய்விட்டுச் சொன்ன பிரிவுதான் முந்தியிருந்தது. கருவிச் செலவே இல்லாத முறை. என் ஊகம் இது: ஒவ்வொரு வீரருடைய தெருவும் வேறு, அன்றைய வெளிச்சம் வேறு. திரையில் வருவது பொதுவான ஒரு ஈராக். அவருடைய ஈராக் அவருக்கு உள்ளேதான் இருக்கிறது. தூரத்தை அளப்பதென்றால் இங்கே நிஜம் நினைவிலேயே, மிக மிகப் பக்கத்தில் இருக்கிறது.

இன்னொரு கோடியில் ஆக்ஸ்ஃபோர்டின் உளவியலாளர் டேனியல் ஃப்ரீமன். 2018-ல் இவர் உயரப் பயத்துக்குச் சிகிச்சையாளரே இல்லாத விஆரைச் சோதித்தார். உள்ளே ஒரு கணினிப் பயிற்சியாளர் பேசுவார். பத்து மாடிக் கட்டடத்தில் படிப்படியாக ஏறவைப்பார், மரத்தில் மாட்டிக்கொண்ட பூனையைக் காப்பாற்றச் சொல்வார். மொத்தம் சுமார் 2 மணி நேரம். 100 பேர் பங்கேற்ற ஆய்வில் விஆர் பிரிவுக்குப் பயம் சராசரியாக 68 சதவீதம் குறைந்தது. கண்ணைப் பறிக்கும் எண். ஆனால் ஒப்பிடப்பட்ட மறுபக்கத்தில் இருந்தவர்களுக்குத் தனியாக எந்தச் சிகிச்சையும் தரப்படவில்லை. ஆகவே நல்ல சிகிச்சையாளரைவிட இது மேல் என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. சிகிச்சையாளர் கிடைக்காத ஊரில் ஒன்றுமில்லாததற்கு இது எவ்வளவோ மேல் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அதே குழு அடுத்து கேம்சேஞ்ச் என்ற ஒன்றைச் செய்தது. மனச்சிதைவு போன்ற நோயால் வீட்டைவிட்டு வெளியே வரவே அஞ்சுகிறவர்களுக்கானது. கஃபே, பேருந்து, டாக்டரின் கிளினிக் காத்திருப்பு அறை, சின்னக் கடை போன்றவைதான் காட்சிகள். 346 பேரிடம் சோதித்து 2022-ல் முடிவு வந்தது. அதிகம் பயன் பெற்றவர்கள் மிக மோசமான நிலையில் இருந்தவர்கள். பேருந்து நிறுத்தம் வீட்டுக்கு எதிரிலேயே இருக்கலாம். ஆனால் வாசற்படி தாண்ட முடியாதவருக்கு அது விமானத்தைவிடத் தூரம். எந்தச் சிகிச்சையைப் பயன்படுத்தலாம் என்று பிரிட்டனில் வழிகாட்டும் நைஸ் அமைப்பு, மேலும் ஆதாரம் திரட்டிக்கொண்டே இதைப் பயன்படுத்தலாம் என்று 2023-ல் பரிந்துரைத்தது. இதிலும் ஊழியர் ஒருவர் அதே அறையில் கூடவே இருப்பார் என்பதைக் கவனியுங்கள்.

மேடைப் பேச்சு, பிறரோடு பழகும் கூச்சம் ஆகியவை இரண்டுங்கெட்டான். நிஜ மனிதர்களோடு பழகுவதே சற்று மேல் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது, எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஸ்டோரில் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஆப்பைச் சிகிச்சை என்று நம்பி ஹெட்செட் வாங்க வேண்டாம். முதலில் தகுதியுள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஒருவரைப் பாருங்கள். அவர் விஆர் வைத்திருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அதற்காக அவரை மாற்ற வேண்டியதில்லை.

சரி, ஆலைக்கு வருவோம்.

பயிற்சியில் விஆருக்கு ஆதரவாக எல்லோரும் காட்டும் ஆய்வு 2002-ல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்தது. பயிற்சி அறுவைச் சிகிச்சையாளர்கள் 16 பேர். பாதிப் பேர் விஆரில் பழகிவிட்டு, பிறகு நிஜ நோயாளியின் பித்தப்பையை லேப்ராஸ்கோப்பில் பிரித்தெடுத்தார்கள். பழகியவர்கள் 29 சதவீதம் வேகம். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ தொடக்கூடாத திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு அதிகம். இதை மேற்கோள் காட்டுபவர்கள் பலர் ஒரு விஷயத்தைச் சொல்வதில்லை. அங்கே ஹெட்செட்டே கிடையாது. சாதாரணத் திரை, அதன் முன்னால் நிஜ அறுவைக் கருவியைப் போன்ற இரண்டு கைப்பிடிகள், எளிய உருண்டை வடிவங்கள். கூடவே ஒரு கறாரான விதி: தேர்ந்த சர்ஜன் எடுக்கும் மதிப்பெண்ணை எட்டும்வரை யாரும் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. பலன் தந்தது கைப்பிடியும் விதியும்தான் என்பது என் வாசிப்பு. உங்களுக்கு வரும் விஆர் பேக்கேஜில் இந்த இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். "எல்லாரும் ஒருமுறை போட்டுப் பார்த்தாங்க, கையெழுத்து வாங்கியாச்சு" என்பது பயிற்சி இல்லை.

எதிர்ப்பக்கச் சாட்சியும் வலுவானது. கோபன்ஹேகனில் கீடோ மக்ரான்ஸ்கி குழு ஒரே அறிவியல் லேப் பாடத்தைச் சாதாரணத் திரையிலும் ஹெட்செட்டிலும் கற்பித்துப் பார்த்தது. 2019-ல் வெளியான முடிவு: ஹெட்செட் போட்டவர்கள் அந்த இடத்திலேயே இருப்பதாக உணர்ந்தார்கள், ஆனால் கற்றது குறைவு. வேடிக்கை பார்ப்பதிலேயே மூளை களைத்துவிட்டது. கம்பெனி விதிகள், கெமிக்கல் லேபிள், தர நடைமுறை இதையெல்லாம் விஆரில் போடச் சொல்லி யாராவது வந்தால் ஒரு பிபிடியும் நல்ல டிரெய்னரும் போதும் என்று அனுப்பிவிடலாம்.

தீயணைப்புப் பயிற்சியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். விஆரில் கையில் இருப்பது சோப்புக் கட்டி எடைக்கு ஒரு கன்ட்ரோலர். பட்டனை அமுக்கினால் பாதுகாப்பு ஊசி (சேஃப்டி பின்) கழன்றுவிடும், டிரிக்கரை அழுத்தினால் புகை அடிக்கும். ஷாப்ஃப்ளோரில் சுவரில் தொங்குவதோ 4.5 கிலோ வாயு அடைத்த கார்பன் டை ஆக்சைடு எக்ஸ்டிங்விஷர். உருளையின் எடை தனி. சீலை அறுத்து, இறுகியிருக்கும் பின்னை முறுக்கி இழுக்க வேண்டும். திறந்ததும் காதைப் பிளக்கும் இரைச்சல். வாயு வெளிவரும் கூம்பு (ஹாரன்) குளிர்ந்துபோகும், அதைப் பிடித்தால் விரல் புண்ணாகும், ஆகவே எங்கே பிடிப்பது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். சில நொடிகளில் தீர்ந்தும்விடும். இதைப் பழக ஒரு தட்டில் கொஞ்சம் டீசல், திறந்த இடம், சேஃப்டி ஆபீஸர் மேற்பார்வை போதும். எல்லா ஆலையிலும் எப்படியும் மாக் டிரில் நடக்கிறது. நிஜம் காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கும்போது எதற்கு ஹெட்செட்?

அதே தீ விபத்தின் இன்னொரு பாகத்தை எடுங்கள். புகை சூழ்ந்த பெயின்ட் ஷாப்பிலிருந்து வெளியேறுவது, எந்த வாசல் அடைபட்டிருக்கிறது என்று முடிவெடுப்பது, பக்கத்தில் மயங்கிய ஆளைத் தூக்குவதா உதவி கேட்பதா என்று யோசிப்பது. இதை நிஜத்தில் பழக்க முடியாது, பழக்கவும் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டும் எச்சரிக்கை டேகும் போடாமல் மின் பேனலில் கைவைத்தால் என்ன ஆகும் என்று காட்டுவதும் அப்படித்தான். வரிசையைத் தப்பாகச் செய்தவர் கண்ணெதிரே பேனல் வெடிக்கும், அவர் உயிரோடு இருப்பார். இங்கே விஆருக்குக் கொடுக்கும் காசு நியாயமானது. அதன்பின் அவருடைய பேனலிலேயே, அவருடைய பூட்டை வைத்து, சூப்பர்வைசர் முன்னால் ஒருமுறை செய்துகாட்ட வேண்டும். வட மாநிலத் தொழிலாளர்கள் அதிகம் உள்ள ஆலைகளில் ஓர் உபரி லாபமும் உண்டு. ஒரே காட்சிக்கு இந்தி, ஒடியா, தமிழ் என்று குரலை மட்டும் மாற்றினால் போதும்.

கட்டுமானத் தளத்தில் உயரத்தில் வேலை செய்ய ஹைட் பாஸ் கொடுப்பதற்கு விஆர் மட்டும் போதாது. சேணத்தின் வாரை எவ்வளவு இறுக்குவது, கொக்கி மாட்டிய சத்தம் கேட்டதா என்பதெல்லாம் கையும் காதும் கற்பவை. தாழ்வான உயரத்தில் ஒரு கம்பம் கட்டி நடக்கவைக்கும் பழைய முறையே போதும். பயந்த ஆளை முன்கூட்டியே அடையாளம் காண வேண்டுமானால் விஆர் பலகை உதவும்.

பெரிய கம்பெனி எது செய்தது என்று கேட்பவர்களுக்கு வால்மார்ட். 2018-ல் அமெரிக்கக் கடைகளுக்கு 17,000 ஆக்குலஸ் கோ ஹெட்செட் அனுப்புவதாக அறிவித்தார்கள். ஆன்லைன் ஆர்டரை எடுத்துக் கொடுக்கும் பிக்கப் டவர் என்ற எந்திரத்துக்கான பயிற்சி ஒரு நாளிலிருந்து 15 நிமிடமாகக் குறைந்ததாக வால்மார்ட்டே சொன்னது. இது நிஜமாகவே பிரமாதம்தான். ஆனால் பின்கதை: 2020-ல் ஆக்குலஸின் சொந்தக்காரரான ஃபேஸ்புக் ஆக்குலஸ் கோவின் விற்பனையையே நிறுத்தியது. 2021-ல் வால்மார்ட் பிக்கப் டவர்களைக் கைவிடத் தொடங்கியது. கருவியும் போனது, பாடமும் போனது. வால்மார்ட்டுக்கு அதற்குள் போட்ட காசு வந்திருக்கும், அத்தனை லட்சம் ஊழியர்கள். ஆண்டுக்கு 150 பேரைச் சேர்க்கும் கம்பெனிக்கு?

இந்தக் கணக்குக்கு ஒரு எண் இருக்கிறது. பிடபிள்யூசி 2020-ல் வெளியிட்ட ஆய்வின்படி, சுமார் 375 பேர் படித்தால்தான் விஆர் செலவு வகுப்பறைச் செலவுக்குச் சமமாகும். ஆன்லைன் பாடத்துக்குச் சமமாக 1,950 பேர் வேண்டும். பிடபிள்யூசி இந்தத் துறையில் ஆலோசனை விற்கும் நிறுவனம். அவர்களே இவ்வளவு என்று சொன்னால் உண்மையில் இன்னும் கூடத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அதிலும் அது அமெரிக்கச் சம்பளக் கணக்கு. நம் ஊரில் டிரெய்னர் சம்பளம் குறைவு, ஹெட்செட் விலை அதே. சமமாகும் புள்ளி இன்னும் தள்ளிப் போகும்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, சின்னக் கம்பெனிகளுக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன்: 360 டிகிரி வீடியோ. உங்கள் ஆலைக்குள்ளேயே ஒரு கேமராவை நட்டு, நல்ல ஆபரேட்டர் ஒருவரை வேலை செய்யவைத்து எடுத்துவிடலாம். தலையைத் திருப்பிப் பார்க்கலாம்; நடக்கவோ தொடவோ முடியாது. புதிதாகச் சேர்பவருக்கு ஆலையைச் சுற்றிக் காட்ட, ஃபோர்க்லிஃப்ட் வரும் வழியில் எங்கே நிற்கக் கூடாது என்று காட்ட இது தாராளம். லைனை மாற்றினால் மறுபடி எடுப்பது ஒரு நாள் வேலை. முழு விஆரில் அதே மாற்றத்துக்கு சாஃப்ட்வேர்காரருக்கு மறுபடி கொட்டேஷன் கேட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

டெமோவில் தெரியாத சில்லறைத் தொல்லைகளும் உண்டு. இன்றைய ஹெட்செட் அரைக் கிலோ சொச்சம், பேட்டரி சுமார் 2 மணி நேரம். மே மாதம், ஏசி இல்லாத பயிற்சி அறை, ஷிஃப்டுக்கு இருபது பேர் மாற்றி மாற்றி அதே ஸ்பாஞ்சில் நெற்றியை வைக்க வேண்டும். துடைக்கக்கூடிய சிலிக்கான் உறையைச் சேர்த்தே வாங்குங்கள். கொண்டையும் பூவும் வைத்து வரும் பெண்களுக்குப் பின்பக்க வார் உட்காராது. கண்ணாடி போட்டவர்களுக்கு மாட்டும்போதே கீறல் விழும். காட்சியில் நடந்து, உடம்பு நிற்கும்போது சிலருக்குக் குமட்டும். ஆகவே ஒரு அமர்வு 15, 20 நிமிடத்தைத் தாண்டாமல் இருக்கட்டும், முடியாதவருக்கு அதே பாடம் திரையில் கிடைக்கட்டும், அதற்காக அவர் மதிப்பெண் குறையவும் கூடாது.

தரவு விஷயம் சில்லறை இல்லை. ஸ்டான்ஃபோர்டில் 2020-ல் 511 பேரின் தலை, கை அசைவைப் பதிவு செய்தார்கள்; ஐந்து நிமிடத்துக்கும் குறைவான பதிவை வைத்தே 95 சதவீதம் சரியாக ஆளை அடையாளம் காண முடிந்தது. பெயரை நீக்கிவிட்டோம் என்பது இங்கே செல்லாது. கிளினிக்கில் என்றால் ஒருவருக்கு எதைக் கண்டு பயம் என்பதும் அந்தப் பதிவில் இருக்கிறது. ஆலையில் என்றால் பதற்றப்பட்ட தொழிலாளி யார் என்பது எச்.ஆர். கைக்குப் போகலாம். பதிவு எங்கே தங்கும், யார் பார்ப்பார்கள், எப்போது அழியும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இத்தனைக்கும் பிறகு விஆர்தான் என்று முடிவானால், ஒரே ஒரு பாடத்தோடு ஆரம்பியுங்கள். உங்கள் ஆலையில் கடந்த சில ஆண்டுகளில் நூலிழையில் தப்பிய விபத்துகளின் பதிவேட்டைப் புரட்டினால் எந்தப் பாடம் என்று அதுவே சொல்லும். புதிதாக வரும் பேட்சைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய முறை, மறு பாதிக்கு விஆர். மூன்று மாதம் கழித்து, யார் எந்தப் பாதி என்று தெரியாத சூப்பர்வைசர் ஒருவர் நிஜ எந்திரத்தில் இருவரையும் செய்துகாட்டச் சொல்லி மார்க் போடட்டும். பர்சேஸ் ஆர்டரில் மூன்று வரி கேளுங்கள்: வேறு பிராண்டு ஹெட்செட்டிலும் ஓட வேண்டும், 3டி மாடல்களும் மூலக் கோப்புகளும் நம் கைக்கு வர வேண்டும், முதல் ஆண்டின் திருத்தங்கள் விலைக்குள் அடங்க வேண்டும். இரண்டாவது வரியில்தான் பெரும்பாலும் பேரம் முட்டும், அங்கே விட்டுக்கொடுக்காதீர்கள்.